ரோட்டில் நூற்றிமுப்பது போகிறேன், டிராக்கில் இறங்கலாமா?

கொழிஞ்சாம்பாறையில் முப்பது வருடமாக பைக் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர், இளவயதில் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ஓட்டியவர், பிறகு அக்கா மகனை ஓட்டவிட்டு அவனுக்கு ஸ்பேனர் பிடித்தவர். தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்து வாசகர்கள் அனுப்பிய ரேஸ் கேள்விகளுக்கு இந்த மாதம் அவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, எனக்கு 22 வயது. ஆர்15 பைக் வைத்திருக்கிறேன். வாளையாரில் இருந்து கஞ்சிக்கோடு வரை நூற்றிமுப்பது தாராளமாகப் போவேன். கூட்டாளிகள் எல்லாம் ரேஸில் இறங்குடா என்கிறார்கள். எங்கே போய் யாரைப் பார்ப்பது?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

தம்பி, அந்த நூற்றிமுப்பதை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. அது வண்டி செய்தவன் கணக்கு. நேர் ரோட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிக்க என் கடைக்கு டீ கொண்டுவரும் பையனுக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. அந்த வேகத்தில் இருந்து பிரேக் பிடித்து, ரெண்டு கியர் குறைத்து, ஒரு வளைவுக்குள் படுத்து வெளியே வருகிறாய். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் பிரேக், அதே கோட்டில் வண்டி. பத்துச் சுற்று அப்படி வருமா? வந்தால் பேசலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் டிராக்கில் பார்த்ததைச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். புது வண்டி, புது சைலன்சர், சத்தம் காதைக் கிழிக்கிறது. கூடவே பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மண்டி வைத்திருக்கும் ஒருவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். லெதர் சூட் ஜிப்பை மூடுவதற்கே மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். வண்டி ஒரு பழைய நூற்றைம்பது சிசி. நேர்ப் பாதையில் பையன்கள் அவரைத் தாண்டுவார்கள். வளைவு வந்ததும் அவர் உள்பக்கமாகச் சத்தமில்லாமல் நுழைந்து முன்னால் போய்விடுவார். மத்தியானம் அந்தப் பையன்கள் அவர் எஞ்சினில் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று குனிந்து குனிந்து தேடினார்கள். அவர் பாட்டுக்குத் தூக்குப்போசியைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சரி, வழியைச் சொல்கிறேன். செட்டிபாளையத்தில் இருப்பது கரி மோட்டார் ஸ்பீட்வே. கோவைக்காரர் கரிவர்தன் நினைவாக வைத்த பெயர். கார் ரேஸ் ஓட்டியவர், நம் ஊர்ப் பையன்கள் ஓட்டுவதற்கென்றே இங்கேயே ரேஸ் கார்களைக் கட்டியவர், 1995இல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். டிராக்கின் ஒரு சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர். உனக்கு வேலந்தாவளத்தில் இருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. கொச்சிக்காரன் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வர வேண்டியதை நீ இட்லி சாப்பிட்டுவிட்டு வரலாம். இன்னொரு டிராக் சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டி 1990இல் திறந்தது, சுற்று 3.7 கிலோமீட்டர்.

நேராகப் போட்டிக்குப் பெயர் கொடுக்காதே. முதலில் ஒரு டிராக் டே போ. போட்டி இல்லை, பரிசு இல்லை, காசு கட்டினால் டிராக்கை நாள் முழுக்கத் திறந்துவிடுவார்கள். புதியவர்களைத் தனிக் குழுவாக விடுவார்கள். உன் வண்டியிலேயே ஓட்டலாம். அப்புறம் ஒரு ரைடிங் ஸ்கூல். இது ரெண்டும் முடிந்த பிறகுதான் ரேஸ் லைசென்ஸ். அதைத் தருவது எஃப்எம்எஸ்சிஐ என்று சுருக்கமாகச் சொல்லும் இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு. டாக்டர் சான்று, ரத்தப் பிரிவு எல்லாம் கேட்பார்கள். ஆர்டிஓ கொடுத்த லைசென்ஸ் வேறு, இது வேறு.

லைசென்ஸ் கையில் வந்ததும் ‘ஒன் மேக்’ போட்டியைப் பார். கம்பெனி வண்டி தரும். எல்லோருக்கும் ஒரே மாடல், ஒரே டயர். டிவிஎஸ் 1994இல் இருந்து இதை நடத்துகிறது. புதியவர்களைத் தேர்வு வைத்து எடுப்பார்கள். ஹோண்டா, ராயல் என்ஃபீல்டு போட்டிகளும் உண்டு. சொந்த வண்டியை ரேஸுக்குத் தயார் செய்து, விழுந்து, மறுபடி சரிசெய்து கடனாளியாவதைவிட இது எவ்வளவோ மேல்.

வாளையார் ரோட்டைப் பற்றி ஒரே வார்த்தை. பொது ரோட்டில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதைவிட முக்கியம், உன் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படி. போட்டி ஓட்டத்துக்கும் வேகச் சோதனைக்கும் அது செல்லாது என்று எழுதியிருக்கும். டிராக்கில் ஓட்டினாலும் அதே கதைதான். விழுந்தால் செலவு உன் பாக்கெட்டில் இருந்து.

கேள்வி: டிராக்குக்கு வண்டியை எப்படித் தயார் செய்வது? சைலன்சரும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவும் மாற்றினால் போதுமா?
– ஒரு வாசகர், நல்லேப்பிள்ளி

ரெண்டையும் தொடாதே. காசு மிச்சம். அதில் ஒரு நல்ல செட் டயர் வாங்கு, புது பிரேக் பேட் போடு.

கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் கழற்று. கழற்ற முடியாத லைட்டுக்கு மேல் டேப் ஒட்டு, உடைந்தால் சில்லு சிதறக் கூடாது. ரேடியேட்டரில் கூலன்ட் இருந்தால் வடித்துவிட்டுச் சாதாத் தண்ணீர் ஊற்று. கூலன்ட் தரையில் கொட்டினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், சீக்கிரம் காயாது. ஆக்சிலேட்டரை விட்டதும் தானாகச் சடக்கென்று திரும்ப வேண்டும். எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். ஓட்டத்துக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். செட்டிபாளையத்தில் நேர்ப் பாதை குறைவு என்பதால், செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் ஒரு பல், ரெண்டு பல் கூட வைப்பவர்கள் உண்டு. அதெல்லாம் மூன்றாவது நாலாவது முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நான் உட்கார்ந்து பேச ஆசைப்படுவது லாக் வயரைப் பற்றி. ஆயில் வடிக்கும் போல்ட்டின் தலையில் சின்னதாக ஒரு துளை போட்டு, அதில் ஸ்டீல் கம்பியைக் கோத்து, முறுக்கி, பக்கத்தில் அசையாத ஏதாவது ஒன்றில் கட்டிவிட வேண்டும். போல்ட் தளர நினைத்தாலும் கம்பி இறுக்கும் பக்கமாகவே இழுத்துப் பிடிக்கும். ஆயில் ஊற்றும் மூடிக்கும் அதே. பத்து ரூபாய்க் கம்பி, அரை மணி நேர வேலை. துளை போடும்போது ட்ரில் பிட் ஒன்றிரண்டு ஒடியும், பொறுமையாகப் போடு.

1993இல் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஆர்எக்ஸ் 100 ஓட்டினேன். முதல் நாள் ராத்திரி கியர் பாக்ஸ் ஆயில் மாற்றினேன். போல்ட்டை இறுக்கினேன், நன்றாக நினைவிருக்கிறது. வயர் கட்டவில்லை. நேரமாகிவிட்டது, தூக்கம் வந்துவிட்டது, காலையில் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். காலையில் மறந்தேன். ஸ்க்ரூட்டினியில் எப்படியோ தப்பிவிட்டது. அது எனக்கு அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்திருப்பேன்.

நாலாவது சுற்றில் பின் சக்கரம் வழுக்கி என்னை விட்டுத் தனியாகப் போனது. என்ன நடந்தது என்றே புரியவில்லை. சறுக்கிக்கொண்டே போய்ப் புல்லில் நின்று திரும்பிப் பார்க்கிறேன், எனக்குப் பின்னால் வந்த ரெண்டு பேரும் அதே இடத்தில் விழுகிறார்கள். தரையில் கறுப்பாக ஒரு கோடு. என் வண்டியில் இருந்து ஒழுகிய ஆயில் கோடு. டிராக் ஓரம் கொடியோடு நிற்கும் மார்ஷல் சிவப்பும் மஞ்சளும் பட்டை போட்ட கொடியை ஆட்டுகிறார், வழுக்கல் என்று அர்த்தம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் வந்தவருக்குக் காரை எலும்பு ஒடிந்தது. அவர் ஆஸ்பத்திரியில் என்னைத் திட்டவில்லை. “வயர் கட்டினீங்களா?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

இப்போது என் கடைக்கு டிராக் வண்டி என்று யார் கொண்டுவந்தாலும் முதலில் அடியில் படுத்து அந்தப் போல்ட்டைத்தான் பார்க்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் மகனுக்கு 19 வயது. செட்டிபாளையத்தில் பைக் ஓட்டப் பழகப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். அவனுடைய அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். அனுப்பலாமா?
– ஒரு தாய், சித்தூர், பாலக்காடு

தங்கச்சி, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். விழுவான். எலும்பும் உடையலாம். அதற்கு மேலும் நடந்திருக்கிறது.

ஆனால் இப்போது அவன் எங்கே ஓட்டுகிறான் என்பதையும் பாருங்கள். டிராக்கில் எல்லா வண்டியும் ஒரே பக்கம் போகும். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, நடுவில் டிவைடர் கிடையாது. விழுந்தால் சறுக்கிக்கொண்டு போய் நிற்க வெளியே இடம் விட்டிருப்பார்கள். ரேஸ் நாளில் ஆம்புலன்சும் டாக்டரும் வந்து நின்ற பிறகுதான் வண்டியை விடுவார்கள். நம் ரோட்டில் ஆம்புலன்ஸ் பிறகுதானே வருகிறது.

அவனிடம் மூன்று விஷயம் கேளுங்கள். முழு லெதர் சூட், முதுகுக் கவசம், கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், மணிக்கட்டை மூடும் க்ளவுஸ், முகம் மூடிய ஹெல்மெட், இது அத்தனையும் இருக்கிறதா? ஜீன்ஸ் துணி தார் ரோட்டில் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும், அடுத்தது தோல்தான். சூட் பழையது வாங்கலாம், தப்பில்லை. ஹெல்மெட் மட்டும் ஒருநாளும் பழையது வேண்டாம். ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று வெளியே பார்த்தால் தெரியாது. இரண்டாவது, முதலில் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறானா? மூன்றாவது, ரோட்டில் வேகம் குறைத்திருக்கிறானா? மூன்றாவதற்கு ‘ஆமாம்’ என்று சொல்ல முடியாதவனை அனுப்பாதீர்கள். இது என் தனிப்பட்ட கருத்து.

அவன் அப்பாவிடம் ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா பற்றிச் சொல்லிப் பாருங்கள். நம் பாலக்காடு ஜில்லாப் பையன், 2024 டக்கார் ராலியில் ஒட்டுமொத்தமாக 11ஆவது இடம், ராலி 2 பிரிவில் முதலிடம். அது டிராக் அல்ல, பாலைவனம். அவரையும் யாரோ ஒரு அம்மா அனுப்பித்தானே இருப்பார்.

கேள்வி: அப்பாவின் ஆர்எக்ஸ் 100 வீட்டில் இருக்கிறது. அதை வைத்து ரேஸ் ஓட்டலாமா?
– ஒரு வாசகர், கோவிந்தாபுரம்

வேண்டாம். உன் அப்பா என்னை அடிப்பார். 1996இல் உற்பத்தி நின்றுபோன வண்டி, நல்ல பாகம் கிடைப்பதே அபூர்வம். ஒரு தடவை விழுந்தால் அந்த டேங்க் போய்விடும்.

அந்த வண்டியோடு எனக்கு இருக்கும் சொந்தம் வேறு. 1987இல் சென்னைக்கு வடக்கே ஆந்திரா போகிற ரோட்டில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். யுத்த காலத்து ஓடுதளம். இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன் அதுதான் எல்லாம். எனக்குப் பத்தொன்பது வயது, ஒரு ரைடருக்கு டூல் பாக்ஸ் தூக்கப் போனேன். வைக்கோல் கட்டு மேல் ஏறி நின்று பார்த்தேன். டூ ஸ்ட்ரோக் புகையும் கருகிய எண்ணெய் வாசமும் ரெண்டு நாள் சட்டையை விட்டுப் போகவில்லை. அந்த வாசத்துக்காகவே உன் அப்பா வண்டியை மாதம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வை.

கேள்வி: ஒரு வருடம் ஓட்ட எவ்வளவு செலவாகும்?
– ஒரு வாசகர், வண்டித்தாவளம்

அக்கா மகன் 2012இல் சொந்த வண்டியில் ஓட்டிய முதல் வருடக் கணக்கை நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த விலையெல்லாம் இப்போது இல்லை, ஆனால் எந்தச் செலவு எதைவிடப் பெரியது என்பது மாறவில்லை. லெதர் சூட் சென்னையில் ஒரு ரைடரிடம் பழையதாக வாங்கியது, 18,000 ரூபாய். அதுதான் ஒரே தடவையில் போன பெரிய தொகை என்று நினைத்தோம். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் டயர் அதைத் தாண்டியிருந்தது. அதற்கு அடுத்தது விழுந்த செலவு. கிளட்ச் லீவர், பிரேக் லீவர், ஃபுட் ரெஸ்ட், ஹேண்டில் பார், ஃபேரிங். லீவர் மட்டும் ஏழு வாங்கியிருந்தோம். பிறகு நுழைவுக் கட்டணம், லைசென்ஸ், வண்டி ஏற்றிப் போகும் டெம்போ வாடகை, டீசல். எஞ்சினுக்குச் செலவழித்தது எல்லாவற்றுக்கும் கீழே.

ஒரு யோசனை. எவ்வளவு பணம் இருக்கிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடு. அது விழுந்த பிறகு வேண்டியிருக்கும் பணம். முன்னால் கையில் இருந்தால் சைலன்சர் வாங்கிவிடுவாய்.

கேள்வி: நான் கோவையில் ஐடி வேலை பார்க்கிறேன், 24 வயது. பெண்கள் ஓட்டலாமா? எல்லோரும் சிரிக்கிறார்கள்.
– ஒரு வாசகி, பாலக்காடு

ஓட்டலாம் என்ன, ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தேசியச் சாம்பியன்ஷிப்பிலும் டிவிஎஸ் போட்டியிலும் பெண்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சூட் மட்டும் உங்கள் அளவுக்குத் தைத்து வாங்குங்கள். தொளதொளவென்று இருந்தால் விழும்போது கவசம் இடம் மாறிவிடும்.

சிரிப்பவர்களைவிடப் பெரிய தொல்லை, டிராக் ஓரம் வண்டி நிறுத்திச் சரிபார்க்கும் பிட்டில் யோசனை சொல்ல வருகிறவர்கள். நீங்கள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஆறு பேர் வந்து ஆறு விதமாகச் சொல்வார்கள். பயிற்சி கொடுப்பவர் ஒருவர் பேச்சை மட்டும் கேளுங்கள். மற்றவர்களுக்கு “சரிங்க” போதும்.

கேள்வி: ஆனி, ஆடியில் நம் பக்கம் அடிக்கும் காற்றில் பைக்கே தள்ளுகிறது. டிராக்கில் எப்படிச் சமாளிப்பது?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

நம்ம ஊர்க்காரன் கேட்க வேண்டிய கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று செட்டிபாளையத்தையும் விடாது. பக்கக் காற்றில் எல்லோரும் செய்யும் தப்பு, ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடிப்பது. நீ இறுக்கினால் காற்று உன் உடம்பைத் தள்ளுவது அப்படியே ஹேண்டிலுக்குப் போகும். முட்டியால் டேங்கைக் கவ்விக்கொள், கையைத் தளர்த்து, டேங்க் மேல் படு.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. காற்று முதுகுப் பக்கம் இருந்தால் நேர்ப் பாதையின் கடைசியில் வழக்கத்தைவிட வேகமாக வந்து சேர்வாய். காலையில் பிரேக் பிடித்த அதே இடத்தில் மத்தியானமும் பிடித்தால் வளைவைத் தாண்டிப் போய்விடுவாய். ஒவ்வொரு சுற்றிலும் மார்ஷல் கையில் உள்ள கொடியைப் பார்க்கத்தான் போகிறாய். கொடித்துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்றும் பார்த்துக்கொள். ஆனால் கொடி சொல்லும் சேதி முதலில்: மஞ்சள் என்றால் ஆபத்து, யாரையும் தாண்டாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, மெதுவாகப் பிட்டுக்கு வா. நீலம் என்றால் வேகமானவன் பின்னால் வருகிறான். திரும்பிப் பார்க்காதே, உன் கோட்டிலேயே போ, தாண்டுவது அவன் பாடு.

கேள்வி: மாமா, நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். வண்டி இல்லை. ரேஸ் ஓட்ட இப்போதிருந்தே என்ன செய்யலாம்?
– ஒரு மாணவன், மீனாட்சிபுரம்

தினமும் சைக்கிள் மிதி. கைக்கும் தொடைக்கும் வலு வேண்டும். நாலு சுற்றிலேயே முன்னங்கை கல்லாக இறுகிப் பிரேக் பிடிக்க முடியாமல் வருகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைவில் சைக்கிளைத் திருப்பும்போது முன் சக்கரத்தைப் பார்க்காமல், போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்த்துப் பழகு. கண் போகிற பக்கம் வண்டி வரும்.

அடுத்த முறை செட்டிபாளையத்தில் ரேஸ் நடக்கும்போது வீட்டுப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பார். முதல் வண்டியைப் பார்க்காதே, கடைசி வண்டியைப் பார். அவன் எங்கே பிரேக் பிடிக்கிறான், முதல் ஆள் எங்கே பிடிக்கிறான் என்று.

பரீட்சை முடிந்ததும் ஒரு சனிக்கிழமை என் கடைக்கு வா. அப்பாவிடம் சொல்லிவிட்டு வா. பழைய சட்டை போட்டுக்கொள். லாக் வயர் முறுக்கச் சொல்லித் தருகிறேன். ட்ரில் பிட் ஒடிந்தால் உன் கணக்கு.